ஒரு கோர், இரண்டு இழைகள்: கெர்னலால் எஸ்எம்டியை உண்மையிலேயே அணைக்க முடியுமா?

நான்கு கோர் செயலி என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். லினக்ஸை நிறுவி, எத்தனை செயலிகள் இருக்கின்றன என்று கேட்டால் எட்டு என்று பதில் வரும். இரண்டுமே பொய்யில்லை. சிலிக்கானில் இருப்பவை நான்கு கணிப்பு இயந்திரங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வெளியுலகுக்குத் தன்னை இரண்டாகக் காட்டிக்கொள்கிறது. இந்த வித்தைக்குப் பெயர் எஸ்எம்டி: ஒரே கோரில், ஒரே நேரத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட இழைகளை, அதாவது தனித்தனிக் கட்டளை ஓட்டங்களை, ஓட்டுவது. இன்டெல் இதை ஹைப்பர்-திரெடிங் என்ற பெயரில் விற்றது. அந்தப் பெயரே மக்களிடம் நிலைத்துவிட்டது.

இயக்குதளத்தின் கெர்னல், அதாவது வன்பொருளை நேரடியாக ஆளும் அதன் மையப் பகுதி, இந்த இரட்டை வேடத்தை எப்படிக் கையாள்கிறது, வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எஸ்எம்டியை அணைத்துவிட்டேன்" என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் நம் மேசைக் கணினிகளிலும் சர்வர்களிலும் இருக்கும் எக்ஸ்86 செயலிகளில் (இன்டெல், ஏஎம்டி வகை), ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கைக்கு எட்டும்படி அப்படி ஒரு விசையே கிடையாது. இரண்டாவது இழையைத் தூங்கவைத்துவிட்டு, அதை யாரும் எழுப்பாமல் காவல் காப்பது மட்டுமே அதற்கு முடியும். விசித்திரமாகத் தோன்றும் பல நடத்தைகளுக்கு வேர் இதுதான்.

இரண்டாவது இழை எதற்கு?

3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் கோர் ஒரு நொடிக்கு 300 கோடி சுழற்சிகள் சுற்றுகிறது. தேவைப்படும் தரவு கேஷ் என்ற, செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகத்தில் இல்லாமல் முதன்மை நினைவகம் வரை போக வேண்டியிருந்தால், பதில் வருவதற்குத் தோராயமாக 100 நானோநொடி ஆகும். அதாவது முந்நூறு சுழற்சிகள். அந்த நேரத்தில் கூட்டல் அலகு, பெருக்கல் அலகு எல்லாம் சும்மா கிடக்கின்றன. நிரலின் பின்வரும் கட்டளைகளில் காத்திருக்கத் தேவையில்லாதவற்றை முன்கூட்டியே செய்து முடிக்கும் திறமை நவீன கோர்களுக்கு உண்டு. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரே நிரலில் அவ்வளவு சுதந்திரமான வேலை கிடைப்பதில்லை.

சும்மா கிடக்கும் அலகுகளை வேறொரு நிரலுக்குக் கொடுத்தால் என்ன? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீன் டல்சன், சூசன் எகர்ஸ், ஹென்றி லெவி ஆகிய மூவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த யோசனையை முறையாக முன்வைத்தது. இன்டெல் 2002இல் முதலில் சியான் சர்வர் செயலிகளிலும், அந்த ஆண்டின் இறுதியில் 3.06 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4இலும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஐபிஎம் தன் பவர்5 செயலியில் 2004இல் கோருக்கு இரண்டு இழைகள் வைத்தது. பவர்7இல் நான்கு, பவர்8இல் எட்டு என்று போனது. ஏஎம்டி 2017இல் ஜென் வரிசையோடு வந்து சேர்ந்தது.

நிறுவனங்கள் இதன்மேல் ஆசைப்பட்டதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. சில்லின் பரப்பளவு 5 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடுகிறது, சில வேலைகளில் வேகம் 30 சதவீதம் வரை ஏறுகிறது என்று இன்டெல் 2002இல் சொன்னது. இன்னொரு முழு கோரைச் சேர்ப்பதோடு ஒப்பிட்டால் இது கொள்ளை லாபம். ஏனென்றால் இரண்டாவது இழைக்கென்று தனியாக வைக்க வேண்டியவை மிகக் குறைவு: கணக்கின் இடைமதிப்புகளை வைத்திருக்கும் பதிவகங்களின் இன்னொரு தொகுதி, அடுத்த கட்டளை எங்கே என்று காட்டும் சுட்டி, சாதனங்கள் கவனத்தை ஈர்க்க அனுப்பும் குறுக்கீடுகளைப் பெறும் பகுதி. கணிப்பு அலகுகள், முதல்நிலை கேஷ், நிரல் அடுத்து எந்தக் கிளையில் போகும் என்று ஊகிக்கும் கருவி எல்லாம் பொதுச்சொத்து. இடையில் இன்னொரு வகையும் இருக்கிறது. நினைவகத்துக்கு எழுதக் காத்திருக்கும் வரிசை போன்ற சில அமைப்புகள், இரண்டு இழைகளும் விழித்திருக்கும்போது பாதிப் பாதியாகப் பங்கு பிரிக்கப்படுகின்றன. ஓர் இழை நின்றுவிட்டால் முழுவதும் மற்றதற்கே வந்துவிடும். இந்தக் கடைசி விவரம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

30 சதவீத லாபம் என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கோர் தனியாக ஓட்டும்போது ஒரு வேலை 100 என்ற வேகத்தில் போகிறது என்று வையுங்கள். இரண்டு இழைகளிலும் வேலை கொடுத்தால் மொத்தம் 130. அப்படியானால் ஒவ்வொரு வேலையும் ஓடுவது 65இல். ஆக மொத்த உற்பத்தி கூடுகிறது, தனித்தனியாக ஒவ்வொன்றும் மெதுவாகிறது. கண்காணிப்புத் திரையில் "செயலிப் பயன்பாடு 50 சதவீதம்" என்று பார்த்து, இன்னும் பாதித் திறன் மிச்சம் என்று நிம்மதி அடைபவர்களுக்கும் இதே கணக்குத்தான் பதில். எட்டு தர்க்கச் செயலிகளில், அதாவது கெர்னல் செயலி என்று எண்ணும் எட்டு இழைகளில், நான்கு நிரம்பியிருக்கின்றன, அந்த நான்கும் நான்கு தனித்தனிக் கோர்களில் இருக்கின்றன என்றால், மிச்சம் இருப்பது பாதியல்ல. இன்னும் ஒரு 30 சதவீதம், அதுவும் வேலையின் தன்மை இடம்கொடுத்தால்.

கெர்னலுக்கு எப்படித் தெரியும்?

கணினி தொடங்கும்போது கெர்னல் செயலியிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. எக்ஸ்86இல் சிபியுஐடி என்ற கட்டளை, ஒவ்வொரு தர்க்கச் செயலியின் அடையாள எண்ணில் எந்த இலக்கங்கள் கோரைக் குறிக்கின்றன, எந்த இலக்கங்கள் இழையைக் குறிக்கின்றன என்று சொல்லிவிடும். இழை இலக்கங்கள் சுழியமாக இருப்பது முதன்மை இழை, மற்றது உடன்பிறப்பு. இரண்டும் வன்பொருள் அளவில் சமமானவைதான். "முதன்மை" என்பது கெர்னல் வைத்துக்கொள்ளும் அடையாளம் மட்டுமே.

இந்த உறவை நாமும் பார்க்கலாம். லினக்ஸ் கெர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்பமைப்பில் ஒவ்வொரு தர்க்கச் செயலிக்கும் ஓர் அடைவு உண்டு. அதற்குள் டோபாலஜி என்ற அடைவில், அந்தச் செயலியின் உடன்பிறப்புகள் யார் என்ற பட்டியல் ஒரு கோப்பாகக் கிடைக்கும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 0உம் 1உம் ஒரே கோரின் இழைகள், 2உம் 3உம் அடுத்த கோர் என்று ஊகித்து நிரல் எழுதுகிறவர்கள் உண்டு. சில கணினிகளில் அப்படித்தான் இருக்கும். பல இன்டெல் சர்வர்களிலோ முதலில் எல்லாக் கோர்களின் முதல் இழைகளுக்கும் எண் கொடுத்துவிட்டு, பிறகே இரண்டாவது இழைகளுக்கு வருவார்கள். எட்டு செயலிகள் என்றால் 0உம் 4உம் உடன்பிறப்புகள். ஊகிக்காமல் கோப்பைப் படிப்பதே நல்லது.

உறவு தெரிந்ததும் ஷெட்யூலர் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. எந்தப் பணி எந்தச் செயலியில் ஓட வேண்டும் என்று முடிவெடுப்பது அதன் வேலை. ஹைப்பர்-திரெடிங் வந்த புதிதில், எல்லாத் தர்க்கச் செயலிகளையும் ஒன்றுபோல் நடத்திய கெர்னல்கள், இரண்டு பணிகளை ஒரே கோரில் நெருக்கிவிட்டு அடுத்த கோரை முழுசாகக் காலியாக விட்டுவைக்கும் வேடிக்கையைச் செய்தன. லினக்ஸ் 2.6 வரிசையில் செயலிகளை அடுக்கடுக்கான குழுக்களாகப் பார்க்கும் முறை வந்தது. அடிமட்டக் குழு, ஒரு கோரின் உடன்பிறப்பு இழைகள். இன்று புதிய பணி ஒன்று விழித்தெழுந்தால், இரு இழைகளும் காலியாக உள்ள கோர் கிடைக்கிறதா என்றுதான் ஷெட்யூலர் முதலில் தேடும். கிடைக்காதபோதுதான் பாதி நிரம்பிய கோருக்குள் அனுப்பும். சாதாரணப் பயன்பாட்டுக்கு எஸ்எம்டியைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும், கெர்னல் பார்த்துக்கொள்ளும்.

பிறகு ஏன் அணைக்க வேண்டும்?

வேகத்துக்காக அணைப்பவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். பெரும் அறிவியல் கணிப்புகளில் கணிப்பு அலகுகள் ஏற்கெனவே நிரம்பி வழியும். இரண்டாவது இழை கேஷைப் பங்குபோட்டுக் கெடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிகழ்நேர அமைப்புகளிலும், பக்கத்து இழை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து நம் வேகம் மாறுவதை ஏற்க முடியாது. இவர்கள் கணினி தொடங்கும்போது இயக்குதளத்துக்கு முன்பே ஓடும் பயாஸில் போய் அணைத்துக்கொண்டார்கள். கெர்னலுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை.

கெர்னலை இதற்குள் இழுத்துவந்தது பாதுகாப்பு. ஒரே கேஷை இருவர் பயன்படுத்தினால், ஒருவர் எந்தப் பகுதியைத் தொட்டார் என்பதை மற்றவர் நேரத்தை அளந்தே கண்டுபிடிக்கலாம். கோலின் பெர்சிவல் 2005இல் இதைச் செய்துகாட்டினார்: ஓர் இழையில் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் ரகசியச் சாவியோடு கணக்குப் போடும் நிரல், உடன்பிறப்பு இழையில் அமர்ந்து கேஷின் நடமாட்டத்தை அளக்கும் உளவு நிரல். ஃப்ரீபிஎஸ்டி இயக்குதளம் அப்போதே ஹைப்பர்-திரெடிங்கை இயல்பு நிலையில் நிறுத்தியது. மற்றவர்கள், குறியாக்க நிரல்களைத் திருத்தி எழுதினால் போதும் என்று கடந்துபோனார்கள். பதின்மூன்று ஆண்டுகள் அந்தப் பதில் தாக்குப்பிடித்தது.

2018இல் நிலைமை மாறியது. ஜூன் மாதம், டிஎல்பிளீட் என்ற தாக்குதலின் விவரங்கள் வெளிவரத் தொடங்கிய வேளையில், ஓபன்பிஎஸ்டி இயக்குதளம் இன்டெல் செயலிகளில் எஸ்எம்டியை இயல்பாகவே அணைத்தது. ஆகஸ்ட் 14 அன்று வெளியான எல்1டிஎஃப், ஃபோர்ஷேடோ என்றும் அழைக்கப்படும் குறை, லினக்ஸையும் அசைத்துவிட்டது. இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். எஸ்எம்டி ஏன் மற்ற ஓட்டைகளைப் போல ஒட்டுப்போட முடியாத பிரச்சினை என்பது இங்கேதான் விளங்கும்.

ஒரு நிரல் பயன்படுத்தும் முகவரிகளை உண்மையான நினைவக முகவரிகளாக மாற்றப் பக்க அட்டவணை என்ற ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் "இந்தப் பக்கம் இருக்கிறது" என்று சொல்லும் ஒரு பிட் உண்டு. அது சுழியமாக இருந்தால் செயலி பிழை எழுப்ப வேண்டும். பாதிக்கப்பட்ட இன்டெல் செயலிகள் பிழையை எழுப்பின. ஆனால் அதற்கு முந்தைய கண நேரத்தில், அந்தப் பதிவில் மிஞ்சியிருந்த முகவரியை உண்மை என்று நம்பி, அது சுட்டும் தரவு முதல்நிலை கேஷில் இருந்தால் எடுத்து ஊக வேலையைத் தொடர்ந்தன. விளைவுகள் பிறகு ரத்து செய்யப்பட்டாலும் கேஷில் தடயம் மிஞ்சியது. ஒரே கணினியில் தனிக் கணினிபோல் ஓடும் மெய்நிகர் கணினிக்குள் அமர்ந்திருக்கும் ஒருவருக்குத் தன் பக்க அட்டவணை தன் கையில். எந்த முகவரியை வேண்டுமானாலும் அதில் எழுதலாம். அந்த முகவரியின் தரவு, அது யாருடையதாக இருந்தாலும், முதல்நிலை கேஷில் இருந்தால் படித்துவிடலாம்.

தீர்வு எளிதாகத் தெரியும்: மெய்நிகர் கணினிக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் முதல்நிலை கேஷைத் துடைத்துவிட்டு நுழைவது. கெர்னல் அதைச் செய்யவும் செய்கிறது. ஒரு கோரில் ஓர் இழைதான் என்றால் இது போதும். இரண்டு இழைகள் இருந்தால்? துடைத்துவிட்டு உள்ளே நுழைந்த மறுகணம், உடன்பிறப்பு இழையில் ஓடும் கெர்னலோ இன்னொரு வாடிக்கையாளரின் மெய்நிகர் கணினியோ தன் ரகசியங்களை அதே கேஷுக்குள் கொண்டுவந்துகொண்டே இருக்கும். எந்த நேரத்தில் துடைப்பது? உள்ளே போவது, வெளியே வருவது என்ற எல்லைகள் ஓர் இழைக்கு உண்டு. பக்கத்து இழைக்கு அந்த எல்லையைப் பற்றி அக்கறையே இல்லை. 2019 மே மாதம் வெளியான எம்டிஎஸ் குறைகளும் இதே வடிவம்தான். அங்கே கேஷுக்குப் பதிலாகச் செயலியின் உள்வரிசைகள். பயனர் நிரலுக்குத் திரும்பும்போது அவற்றைத் துடைக்கலாம், ஆனால் உடன்பிறப்பு உயிரோடு இருக்கும்வரை கசிவு நிற்காது. குரோம்ஓஎஸ் தன் 74ஆம் பதிப்பில் ஹைப்பர்-திரெடிங்கை இயல்பாக அணைத்தது இதனால்தான்.

கட்டுப்பாட்டுக் கோப்பு

2018க்கு முன்பும் லினக்ஸில் ஒரு செயலியை மட்டும் நிறுத்த முடிந்தது. ஒவ்வொரு தர்க்கச் செயலியின் அடைவிலும் ஆன்லைன் என்றொரு கோப்பு; அதில் 0 எழுதினால் அந்தச் செயலி வெளியேறும். எல்லா உடன்பிறப்புகளையும் தேடித் தேடி 0 எழுதும் ஸ்கிரிப்டுகள் பல நிர்வாகிகளிடம் இருந்தன. வேலை நடக்கும், ஆனால் வேறொரு நிரல் 1 எழுதி மறுபடி எழுப்பிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். பாதுகாப்புக்கு இது போதாது.

எல்1டிஎஃப் திருத்தங்களோடு, தாமஸ் க்ளைக்ஸ்னர் எழுதிய எஸ்எம்டி கட்டுப்பாடு லினக்ஸ் 4.19இல் சேர்ந்தது. சிஸ் கோப்பமைப்பில் டிவைசஸ், சிஸ்டம், சிபியு என்று மூன்று படி இறங்கினால் எஸ்எம்டி என்ற அடைவு இருக்கும். அதில் இரண்டு கோப்புகள். ஆக்டிவ் என்பது படிக்க மட்டும்: 1 என்றால் உடன்பிறப்பு இழைகள் இப்போது ஓடுகின்றன, 0 என்றால் இல்லை. கன்ட்ரோல் என்பதுதான் கைப்பிடி. ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு அதில் 'ஆஃப்' என்று எழுதினால் எல்லா உடன்பிறப்புகளும் வெளியேறும். 'ஆன்' என்று எழுதினால் திரும்பும். 'ஃபோர்ஸ்ஆஃப்' என்று எழுதிவிட்டால், அடுத்த முறை கணினியைத் தொடங்கும்வரை ரூட்டாலும் மாற்ற முடியாது. செயலியில் எஸ்எம்டி இல்லை என்றாலோ, அந்தக் கட்டமைப்புக்கு இந்த வசதியை யாரும் எழுதவில்லை என்றாலோ, அதைச் சொல்லும் தனிச் சொற்களும் அந்தக் கோப்பில் தென்படும். முக்கியமான மாற்றம் இது: 'ஆஃப்' நிலையில், பழைய ஆன்லைன் கோப்பில் 1 எழுதி உடன்பிறப்பை எழுப்ப முயன்றால் கெர்னல் மறுத்துவிடும்.

'ஆஃப்' என்று எழுதியதும் உள்ளே நடப்பது, செயலியைச் சூடாகக் கழற்றிமாட்டும் ஹாட்பிளக் நடைமுறை. அந்தச் செயலியில் ஓடிக்கொண்டிருந்த பணிகள் வேறிடத்துக்கு நகர்த்தப்படுகின்றன. அதற்கு ஒதுக்கியிருந்த குறுக்கீடுகள், அலாரங்கள் எல்லாம் கைமாறுகின்றன. அந்தச் செயலிக்கென்றே பிறந்த கெர்னல் இழைகள் நிறுத்திவைக்கப்படுகின்றன. எல்லாம் முடிந்தபின் அந்தச் செயலி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிறது. கெர்னலின் மூல நிரலில் இந்தக் கடைசிப் படிக்கு வைத்திருக்கும் பெயர், செத்தவன்போல் நடிப்பது என்று பொருள்படும். பொருத்தமான பெயர்.

வேலை நடந்துகொண்டிருக்கும் சர்வரில் இதைச் செய்வோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒரு பணியை உடன்பிறப்பு செயலி ஒன்றில் மட்டுமே ஓடுமாறு கட்டிவைத்திருந்தால், கெர்னல் அந்தக் கட்டை அறுத்துவிட்டுப் பணியை வேறு செயலிக்கு மாற்றும். மீண்டும் 'ஆன்' செய்தாலும் பழைய கட்டு தானாகத் திரும்பாது. பணிக் குழுக்களுக்கு வளங்களைப் பங்கிடும் சிகுரூப் வசதியின் முதல் பதிப்பில், எந்தக் குழு எந்தச் செயலிகளில் ஓடலாம் என்று வைக்கும் சிபியுசெட் பட்டியலும் இப்படித்தான்: போன செயலி பட்டியலிலிருந்து நீங்கிவிடும், திரும்பி வந்தாலும் பட்டியலில் தானாகச் சேராது. 'ஆன்' செய்துவிட்டோம், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நம்பினால், இந்தக் குழுக்களாக ஓடும் கன்டெய்னர்கள் பாதிச் செயலிகளோடு திணறிக்கொண்டிருக்கும். இரண்டாவது, தொடங்கும்போதே செயலிகளை எண்ணி அதற்கேற்ப வேலையாள் இழைகளை உருவாக்கும் நிரல்கள், நடுவில் எண்ணிக்கை பாதியானது தெரியாமல் அதே கூட்டத்தோடு ஓடும். அவற்றை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

தூங்குகிறவனுக்குக் காவல்

கணினி தொடங்கும்போதே எஸ்எம்டி வேண்டாம் என்று சொல்லவும் வழி உண்டு: கெர்னலின் தொடக்க வரியில் 'நோஎஸ்எம்டி' என்று சேர்ப்பது. அப்படியானால் உடன்பிறப்பு இழைகளைத் தொடவே வேண்டாம், தொடக்கத்திலிருந்தே அவற்றைப் புறக்கணித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கட்டாயமாக அணைக்கும் விருப்பத்துக்கு லினக்ஸ் உருவாக்குநர்களும் முதலில் அப்படித்தான் எழுதினார்கள். பிறகு திரும்பப் பெற்றார்கள்.

காரணம் இயந்திரச் சோதனைப் பிழை. வன்பொருளில் கடுமையான கோளாறு ஏற்பட்டால், இன்டெல் செயலி அதை எல்லாத் தர்க்கச் செயலிகளுக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்கும். அறிவிப்பைப் பெறத் தயார் என்று ஒவ்வொரு தர்க்கச் செயலியும் தன் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் ஒரு பிட்டை முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்க வேண்டும். ஏற்றாத செயலி ஒன்றே ஒன்று இருந்தாலும், அறிவிப்பு வந்ததும் முழுக் கணினியும் அப்படியே விழுந்துவிடும். மற்ற செயலிகள் சமாளித்திருக்கக்கூடிய பிழையாக இருந்தாலும் சரி. கெர்னல் தொடாமல் விட்ட உடன்பிறப்பு எங்கே இருக்கும்? பயாஸ் விட்ட இடத்தில், யாராவது தொடங்கச் சொல்வார்களா என்று காத்துக்கொண்டிருக்கும். அந்தப் பிட் அங்கே ஏறியிருக்காது. ஆகவே இப்போது 'நோஎஸ்எம்டி' கொடுத்தாலும் கெர்னல் ஒவ்வோர் உடன்பிறப்பையும் ஒருமுறை எழுப்புகிறது, தேவையான பிட்டை ஏற்றுகிறது, உடனே தூங்கவைக்கிறது. அணைப்பதற்காகவே ஒருமுறை ஓட்ட வேண்டியிருக்கிறது.

உறங்கவைத்த பிறகும் தொல்லை தீரவில்லை. எக்ஸ்86இல் ஆழ்ந்த உறக்கத்துக்கு வழக்கமான வழி எம்வெயிட் என்ற கட்டளை: நினைவகத்தின் ஒரு முகவரியைக் கண்காணித்துக்கொண்டே தூங்குவது, அங்கே யாராவது எழுதினால் விழிப்பது. ஹைபர்நேட் செய்த (நினைவகத்தை வட்டில் சேமித்து அணைத்த) கணினி மீண்டும் எழும்போது என்ன ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். முதலில் ஒரு சிறிய கெர்னல் தொடங்குகிறது. அது வட்டில் சேமித்த பழைய நினைவகப் பிம்பத்தை நினைவகம் முழுவதும் எழுதுகிறது. அப்படி எழுதும்போது, தூங்கும் உடன்பிறப்பு கண்காணித்துக்கொண்டிருக்கும் முகவரியும் எழுதப்பட்டுவிடும். அது விழித்துக்கொள்ளும். ஆனால் அது ஓட வேண்டிய கட்டளைகளும், பக்க அட்டவணையும் இதற்குள் வேறாகியிருக்கும். அடுத்த கணம் மும்மடங்குப் பிழை (பிழையைக் கையாளும்போதே மேலும் பிழைகள்), கணினி மறுதொடக்கம். 'நோஎஸ்எம்டி'யோடு ஹைபர்நேட் செய்தவர்களின் கணினிகள் திரும்பி எழாமல் போனது இதனால்தான். 2019இல் வந்த திருத்தம் செய்வது என்ன? எழும்பும் வழியில் உடன்பிறப்புகளை முறையாக ஒருமுறை எழுப்பி, முகவரியைக் கண்காணிக்காத ஹால்ட் கட்டளையில் மறுபடி தூங்கவைத்துவிட்டுத்தான் பிம்பத்துக்குத் தாவுகிறது.

அப்படியானால் எப்போதும் ஹால்ட்டிலேயே தூங்கவைக்கலாமே? அங்கே மின்சாரக் கணக்கு இடிக்கிறது. இரண்டு இழைகளும் ஆழ்ந்த உறக்கத்தைக் கேட்டால்தான் கோர் ஆழ்ந்து உறங்கும். ஹால்ட் மேலோட்டமான உறக்கம். ஒரு வேலையும் செய்யாத உடன்பிறப்பு, முழுக் கோரையும் விழித்திருக்க வைத்து மின்சாரத்தை விரயமாக்கிவிடும்.

கெர்னல் வழியாக அணைப்பதால் முதல் இழைக்கு முழுக் கோரும் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு இப்போது பதில் சொல்லலாம். கிடைக்கும். பங்கு பிரித்து வைத்த வரிசைகள், உடன்பிறப்பு தூங்கியதும் ஒன்றுசேர்கின்றன. அந்த வகையில் பயாஸில் அணைப்பதற்கும் இதற்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு தெரியாது. நான் கெர்னல் வழியையே விரும்புவேன். நூறு சர்வர்களின் பயாஸ் திரைகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைவதைவிட ஒரு கோப்பில் எழுதுவது எவ்வளவோ மேல்.

அணைக்காமல் ஆளத் தெரிந்தால்

எல்லா உடன்பிறப்புகளையும் தூங்கவைப்பது முரட்டு வைத்தியம். ஆபத்து, இரண்டு இழைகள் ஒரு கோரில் இருப்பதால் வருவதல்ல. ஒருவரை ஒருவர் நம்பாத இருவர் ஒரே கோரில் இருப்பதால் வருவது. ஒரே வாடிக்கையாளரின் மெய்நிகர் கணினிக்குச் சொந்தமான இரண்டு பணிகள் ஒரு கோரைப் பகிர்ந்தால் யாருக்கும் நட்டமில்லை.

இந்த எண்ணத்தின் மேல் எழுந்தது கோர் ஷெட்யூலிங். பீட்டர் சில்ஸ்ட்ரா தொடங்கிவைத்து, பலரின் உழைப்பில் பல சுற்றுகள் திருத்தப்பட்டு, 2021இல் லினக்ஸ் 5.14இல் சேர்ந்தது. ஒவ்வொரு பணிக்கும் ஓர் அடையாளத்தை ஒட்டலாம். அதைக் குக்கி என்கிறார்கள். ஒரே குக்கி உள்ள பணிகள் மட்டுமே ஒரே கோரின் இழைகளில் ஒரே நேரத்தில் ஓடலாம். ஓர் இழையில் ஷெட்யூலர் ஒரு பணியைத் தேர்ந்தெடுத்ததும், உடன்பிறப்பு இழைக்கு அதே குக்கியுள்ள பணி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால், வேறு எத்தனை பணிகள் வரிசையில் காத்திருந்தாலும் அந்த இழை கட்டாய ஓய்வில் இருக்கும்.

இதன் விலை அந்தக் கட்டாய ஓய்வுதான். ஒரே குக்கியில் நிறையப் பணிகள் இருந்தால் இழப்பு சொற்பம். ஆளுக்கொரு குக்கி என்று சிதறிக் கிடந்தால், எஸ்எம்டியை மொத்தமாக அணைப்பதைவிட மோசமாகவும் போகலாம். ஏனென்றால் யாரை முதலில் ஓட்டுவது என்று இரண்டு இழைகளும் கலந்துபேசி முடிவெடுக்கும் செலவும் சேர்கிறது. பாதுகாப்பும் முழுமையானதல்ல. ஓர் இழையில் தாக்குபவரின் நிரல் ஓடும்போது, உடன்பிறப்பு இழை கெர்னலுக்குள் நுழைந்திருந்தால், அந்த இருவரையும் கோர் ஷெட்யூலிங் பிரித்துவைப்பதில்லை. கெர்னலின் ஆவணமே இதை ஒளிக்காமல் சொல்கிறது.

பவர் செயலிகளின் கதை வேறு. கோருக்கு எட்டு இழைகள் இருக்கும் இடத்தில் ஆன், ஆஃப் என்ற இரண்டே விடைகள் போதா. இரண்டு வைத்துக்கொள்கிறேன், நான்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடிய வேண்டும். அங்கே அதற்கென்று தனிக் கருவி நெடுங்காலமாக இருக்கிறது. லினக்ஸ் 6.6 முதல், கன்ட்ரோல் கோப்பிலேயே எண்ணாக எழுதவும் முடிகிறது.

உங்கள் கணினிக்கு என்ன முடிவு?

முதலில் படிக்க வேண்டியது கன்ட்ரோல் கோப்பையல்ல. அதே சிபியு அடைவுக்குள் வல்னரபிலிட்டீஸ் என்று ஓர் அடைவு உண்டு. தெரிந்த ஒவ்வொரு குறைக்கும் ஒரு கோப்பு. எல்1டிஎஃப், எம்டிஎஸ் ஆகிய கோப்புகளைத் திறந்து பாருங்கள். உங்கள் செயலி பாதிக்கப்படவில்லை என்று இருந்தால், அந்தக் குறைகளுக்காக எஸ்எம்டியை அணைக்கத் தேவையில்லை. ஏஎம்டி செயலிகளில் இந்த இரண்டுக்கும் அந்தப் பதில்தான் வரும். பாதிக்கப்பட்டது, துடைக்கும் திருத்தம் இயங்குகிறது, ஆனால் எஸ்எம்டியால் இன்னும் ஆபத்து என்ற பொருளில் வரி முடிந்தால், நீங்கள் முடிவெடுக்க வேண்டும். லினக்ஸ் இயல்பாக உங்களுக்காக முடிவெடுப்பதில்லை. ஓபன்பிஎஸ்டியைப் போல அணைத்துவிடாமல், நிலவரத்தைச் சொல்லிவிட்டு நிர்வாகியிடம் விட்டுவிடுகிறது. நீயே அணைத்துக்கொள் என்று கெர்னலிடம் ஒப்படைக்க விரும்பினால், தொடக்க வரியில் 'மிட்டிகேஷன்ஸ்' என்ற அளவுருவுக்கு 'ஆட்டோ,நோஎஸ்எம்டி' என்று மதிப்புக் கொடுக்கலாம்; செயலியின் குறைக்குத் தேவைப்பட்டால் மட்டும் அணைக்கும்.

வீட்டு மடிக்கணினியில் எஸ்எம்டியை அணைக்க நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். உலாவிகள் தனியாகப் பல தடுப்புகளைச் சேர்த்துவிட்டன. அந்த 30 சதவீதத்தை இழப்பதற்கேற்ற ஆபத்து அங்கே இல்லை என்பது என் கணிப்பு. அந்நியர்களின் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வர், யார் வேண்டுமானாலும் நிரலை அனுப்பி ஓட்டக்கூடிய பொதுச் சோதனைக் கணினி, இவை வேறு வகை. பாதிக்கப்பட்ட செயலியாக இருந்தால், அங்கே அணைப்பதா, கோர் ஷெட்யூலிங்கா என்பது மட்டுமே கேள்வி. எதுவும் செய்யாமலிருப்பது ஒரு விடையல்ல.

மேகக் கணினியை வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் அதே கோப்புகளைத் திறந்தால், எஸ்எம்டியைப் பற்றிய இடத்தில் புரவலர் கணினியின் நிலை தெரியாது என்று பார்ப்பார்கள். கெர்னல் கைவிரிப்பது நியாயம்தான். மெய்நிகர் கணினிக்குள் இருந்துகொண்டு 'ஆஃப்' என்று எழுதினால், நம் மெய்நிகர் செயலிகளில் பாதி தூங்கும். அடியில் இருக்கும் உண்மையான கோரில் அந்த இடத்தை வேறு யார் எடுத்துக்கொள்கிறார் என்பது நமக்குத் தெரியாது. அங்கே பயனுள்ள வழி, வாடகைக்கு எடுக்கும்போதே கோருக்கு ஓர் இழை என்று கேட்பது. அமேசானின் சேவையில் பல எக்ஸ்86 வகைகளுக்கு இந்தத் தேர்வு இருக்கிறது. எம்7ஏ போன்ற வகைகளில் ஒரு மெய்நிகர் செயலி என்பதே ஒரு முழுக் கோர்தான்.

வேகத்துக்காக மட்டும் யோசிப்பவர்களுக்கு ஊகம் வேண்டாம், அளந்து பார்க்கும் வசதி இருக்கிறது. உங்கள் வேலையை 'ஆன்' நிலையில் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கன்ட்ரோல் கோப்பில் 'ஆஃப்' எழுதி, செயலிகளை எண்ணும் நிரல்களை மறுதொடக்கம் செய்து, அதே வேலையை மறுபடி ஓட்டுங்கள். மொத்த நேரத்தோடு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆன நேரத்தையும் பாருங்கள்; இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்வது சாதாரணம். சோதனையின்போது 'ஃபோர்ஸ்ஆஃப்' எழுதாதீர்கள், மீள்வதற்குக் கணினியையே மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கும். கோப்பில் எழுதிய எதுவும் மறுதொடக்கத்துக்குப் பிறகு நிலைக்காது. முடிவு உறுதியானதும் அதைக் கெர்னலை ஏற்றித் தொடங்கும் கிரப் நிரலின் அமைப்பில், தொடக்க வரியில் 'நோஎஸ்எம்டி' என்று சேர்த்துவிடுங்கள்.